குறைமாதப் பிள்ளையும் கோவில் வாசலும்

சாமுவேலின் இரண்டாம் நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. குழந்தை நோயுற்றுக் கிடந்த நாட்களில் தாவீது அரசர் உண்ணவில்லை; வெறுந்தரையில் கிடந்தார். அரண்மனை மூப்பர்கள் அருகே நின்று எழுப்ப முயன்றனர், அவர் எழவில்லை. ஏழாம் நாள் குழந்தை இறந்தபோது அதை அவரிடம் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை. ஊழியர் தமக்குள் கிசுகிசுத்துக்கொண்டதைக் கண்டே அவர் செய்தியை உணர்ந்துகொண்டார். இதை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். தாவீதின் பாவத்தைப் பற்றியும் மனமாற்றத்தைப் பற்றியும் நிறையவே கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த ஏழு நாளும் குழந்தையின் தாய் பத்சேபா எங்கே இருந்தாள், அவளருகில் யார் இருந்தார்கள் என்பதைப் பற்றி நூல் ஒன்றும் சொல்வதில்லை. எல்லாம் முடிந்த பின்னரே, தாவீது அவளுக்கு ஆறுதல் கூறினார் என்று ஒரு வரி வருகிறது.

இந்த மௌனம் விவிலியத்தோடு நின்றுவிடவில்லை. உயிருக்குப் போராடும் பச்சிளங் குழந்தையைப் பற்றி மருத்துவமும் திருச்சபையும் நூற்றாண்டுகளாகப் பேசியிருக்கின்றன, எழுதியிருக்கின்றன, சட்டம் இயற்றியிருக்கின்றன. அக்குழந்தையைப் பெற்றவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதோ மிக அண்மையில்தான். நம் முத்துக்குளித்துறைக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்தன என்பது உலக நலவாழ்வு நிறுவனமும் அதனோடு இணைந்தவர்களும் செய்த கணிப்பு. அவற்றுள் 30 லட்சத்துக்கு மேற்பட்டவை நம் நாட்டில் பிறந்தவை. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரையுள்ள கரையூர்களில் இத்தகைய பிறப்பைக் காணாத தெரு இராது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிள்ளையை ஆம்புலன்ஸில் தூத்துக்குடிக்கோ, திருநெல்வேலிக்கோ, மதுரைக்கோ கொண்டு செல்வார்கள். அறுவைசிகிச்சை செய்துகொண்ட தாய் வேறோரிடத்தில் கட்டிலில் கிடப்பாள். தகப்பன் கடலுக்குப் போயிருப்பார். தோணியில் மாலத்தீவுக்குப் பயணம் சென்றிருந்தால் செய்தி சேர்ந்தும் உடனே திரும்ப வழியிராது. தாய்மாமனோ பாட்டியோ கண்ணாடிக் கதவுக்கு வெளியே செபமாலையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே குடும்பம் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். நம் ஊர்களில் ‘பிள்ளை பெட்டியில் இருக்கிறது’ என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எதிரே நிற்பவரின் முகம் மாறுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு அக்டோபரில் இக்கரைக்கு வந்தார். அம்மாதம் 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு ஒரு மடல் எழுதினார். முத்துக்குளித்துறையைப் பற்றி அவர் எழுதிய முதல் மடல் அது. அதன் நடுவே ஒரு பேற்றறை வருகிறது. வழியில் கிறிஸ்தவரல்லாத ஓர் ஊர். கொம்புத்துறை என்று மரபு சொல்லும். அங்கே ஒரு பெண் மூன்று நாளாகப் பேறுகால வேதனையில் இருந்தாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை பலருக்கு அற்றுப்போயிருந்தது. சவேரியார் தம்மோடு வந்த இளங்குருமாணவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவ்வீட்டினுள் நுழைந்தார். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கினார். உடன்வந்தவர் அதை அவளுடைய மொழியில் விளக்கினார். அவள் விசுவசித்தாள், ஞானஸ்நானம் பெற்றாள், குழந்தை பிறந்தது. பின்னர் கணவனுக்கும், மூத்த பிள்ளைகளுக்கும், அன்று பிறந்த சிசுவுக்கும் திருமுழுக்கு அளித்ததாகச் சவேரியார் எழுதுகிறார்.

இதை ஒரு புதுமையாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம், அதில் தவறில்லை. ஆயினும் அந்த அறையை இன்னொரு கண்கொண்டு பார்த்தால் வேறொன்றும் தெரியும். சவேரியாருக்கு அன்று தமிழ் தெரியாது. மூன்று நாளாகக் கதறிக் களைத்த அந்தப் பெண்ணின் காதில் விழுந்த தமிழ், கோவாவில் பயின்று வந்த ஒரு தமிழ் இளைஞனுடைய குரல். அவன் பெயரை மடல் சொல்லவில்லை. உறவினர்கள் கைவிட்டு விலகத் தொடங்கிய நேரத்தில் இருவர் உள்ளே வந்தார்கள், அருகில் இருந்தார்கள், அவளுக்குப் புரியும் மொழியில் பேசினார்கள், அவளிடம் ஒரு கேள்வி கேட்டு அவள் விடைக்காகக் காத்திருந்தார்கள். கிறிஸ்தவளாக விரும்புகிறாயா என்பதே அக்கேள்வி. வேதனையில் கிடக்கும் பெண்ணை அவளைச் சூழ்ந்தவர்கள் எதையும் கேட்பதில்லை. அவளுக்காக மற்றவர்களே முடிவெடுப்பார்கள். இன்றும் அப்படித்தான்.

அடுத்த ஈராண்டுகளில் சவேரியார் கையாண்ட ஒரு வழக்கமும் இங்கே நினைவுகூரத்தக்கது. நோயாளிகளின் வீடுகளிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. எல்லா வீட்டுக்கும் தாமே போக இயலவில்லை. ஆகவே, செபங்களைக் கற்றறிந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அண்டை அயலாரையும் ஒன்றுகூட்டி, எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லச் செய்தார்கள். இதை 1544ஆம் ஆண்டு சனவரி மாதக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். நோயுற்றவரின் வீட்டுக்குள் ஊரையே கொண்டுவரும் இந்த ஏற்பாடு, பின்னர் வந்த எந்த மருத்துவமனை விதியிலும் இடம்பெறவில்லை.

1548ஆம் ஆண்டு பிப்ரவரியில் மணப்பாட்டிலிருந்து, இக்கரையில் பணிபுரிந்த சேசு சபைக் குருக்களுக்கு அவர் வழங்கிய அறிவுரைகளில் முதலாவதாக நிற்பது, புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பது. அழைப்பு வரட்டும் என்று இராமல் வீடு வீடாகச் சென்று கேட்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஏன் இத்தனை அவசரம்? பிறந்த குழந்தைகளில் பலர் சில நாட்களே வாழ்ந்த காலம் அது. அதற்கும் மேலாக ஓர் அச்சம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தையின் கதி என்ன? ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் பெலாஜியருக்கு எதிராக வாதிட்டபோது, அத்தகைய குழந்தைகளும் கடவுளை அடைய இயலாது, அவர்களுக்குரிய தண்டனை எல்லாவற்றிலும் மிக இலேசானது என்றார். பின்னர் வந்த இடைக்கால இறையியலாளர்கள் இந்தக் கடுமையைத் தாங்கமாட்டாமல் ஒரு விளிம்பைக் கண்டார்கள். இலத்தீனில் லிம்பஸ் என்றால் ஓரம், விளிம்பு என்று பொருள். அங்கே வேதனை இல்லை. இயல்பான மகிழ்ச்சி உண்டு. ஆனால் கடவுளின் திருமுகத் தரிசனம் இல்லை. புனித தாமஸ் அக்குவினாரும் ஏறத்தாழ இவ்வாறே கருதினார். லிம்போ ஒருபோதும் விசுவாச சத்தியமாக வரையறுக்கப்படவில்லை. ஆயினும் மறைக்கல்வி வகுப்புகளிலும் பேற்றறைகளிலும் அது சத்தியம்போலவே நடமாடியது. இறையியலாளருக்கு அது நுட்பமான ஒரு கருத்து. தாய்க்கோ, இறந்த பின்னரும் தன் பிள்ளையைத் தான் காணப்போவதில்லை என்ற தீர்ப்பு.

ஆகவேதான் தண்ணீர் ஊற்றும் உரிமையைத் திருச்சபை தாராளமாக வழங்கியது. தேவை நேரும்போது எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆணோ பெண்ணோ, திருச்சபை கருதுவதைச் செய்யும் கருத்து இருந்தால் கிறிஸ்தவரல்லாதவரும் கொடுக்கலாம். 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குநூல், விசுவாசிகள், சிறப்பாக மருத்துவச்சிகள், சரியான முறையை அறிந்திருக்கும்படி பங்குத்தந்தையர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கட்டளையிட்டது. எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பீடத்தின் அருகே பெண்கள் வரக்கூடாதிருந்த காலத்தில், எழுத்தறியாத ஒரு மருத்துவச்சியின் கையில் முதல் திருவருட்சாதனம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்து, பூனைக்குட்டிபோல முனகும் பிள்ளையின் தலையில் மூவொரு கடவுளின் பெயரைச் சொல்லி அவள் நீர் ஊற்றினாள். பிள்ளை பிழைத்தால், கோவிலுக்குக் கொண்டுபோய் விடுபட்ட சடங்குகளை நிறைவு செய்வார்கள். பிழைக்காவிட்டால், பெயரோடு மந்திரித்த பூமிக்குப் போகும். ஒன்றும் செய்ய இயலாத நேரத்தில் செய்வதற்கு ஒன்று இருந்தது என்பதே அவ்வீட்டாருக்குக் கிடைத்த ஆறுதல். ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் பாட்டிமார் சொல்லும் நம்பிக்கை பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே காணப்படுவது. உண்மை அதற்கு நேர் எதிர். கருவறையில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஆதாயமே.

இனி அந்த நீர் எட்டாத குழந்தைகள். வரலாற்றின் இருண்ட பக்கம் இதுதான். ஐரோப்பாவில், இறந்து பிறந்த சிசுவைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் நாட்கணக்கில் நடந்து சென்ற திருத்தலங்கள் இருந்தன. ஸ்விட்சர்லாந்தின் ஓபர்பியூரன் அவற்றுள் ஒன்று. அங்கே மாதாவின் உருவத்தின் முன் சிசுவைக் கிடத்தி, தணலாலும் மெழுகுதிரிகளாலும் வெப்பமூட்டி, உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்தது என்று கொண்டு, உடனே ஞானஸ்நானம் கொடுத்துப் புனித நிலத்தில் புதைப்பார்கள். 1528இல் சீர்திருத்தக்காரர் அத்தலத்தை அழித்தனர். 1990களில் தொல்லியலாளர் அவ்விடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன, பல குறைமாதத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் உரோமை இவ்வழக்கத்தைக் கண்டித்தது. கண்டித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் இறகு அசையாதா என்று பார்த்துக்கொண்டு நின்றவர்களின் துயரத்துக்கு மாற்று எதையும் அது கொடுக்கவில்லை.

அயர்லாந்தில் அத்தகைய குழந்தைகளை வயல் ஓரங்களிலும், பாழடைந்த கோட்டை மேடுகளிலும், கடற்கரையிலும், பெரும்பாலும் இரவில், புதைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவரைத் திருச்சபை அடக்கத்துக்கு ஏற்கலாகாது என்றது (எண் 1239). அத்தகையோரைப் புதைக்க, மந்திரித்த கல்லறைக்கு வெளியே அடைப்பிட்ட தனியிடம் ஒன்று இருக்கவேண்டும் என்றும் சொன்னது (எண் 1212). இது இலத்தீன் திருச்சபை முழுவதற்குமான சட்டம். நம் கரைக்கும் அதுவே சட்டம். நம்மிடையே இதனோடு ஒரு நாட்டு வழக்கமும் சேர்ந்துகொண்டது. தாய்க்குக் காட்டாமலே, சில வேளை சொல்லாமலே, ஆண்கள் இருவர் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கிவிடுவார்கள். பார்த்தால் அவள் தாங்கமாட்டாள் என்பது காரணம். பார்க்காதவள் எத்தனை ஆண்டு அந்த முகத்தைக் கற்பனையில் தேடினாள் என்பதைக் கேட்டவர் இல்லை.

ஞானஸ்நானத்திலும் தாய் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கூடிய விரைவில் கொடுக்கவேண்டும் என்ற விதியினால், பிறந்த சில நாட்களிலேயே ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பிள்ளையைக் கோவிலுக்குத் தூக்கிச் செல்வார்கள். பெற்றவள் தீட்டுப் பாயில் கிடப்பாள். நாற்பது நாள் கழித்து அவள் கோவில் வாசலுக்கு வரும்போது குருவானவர் அவளை ஆசீர்வதித்து உள்ளே அழைத்துச் செல்வார். பிள்ளைக்குத் தன் பெயர் சூட்டப்பட்ட நேரத்தில் தாய் அங்கே இல்லாதது எவருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

மருத்துவமனையின் வரலாறு இதற்கு இணையாகவே நடந்தது. 1878இல் பாரிஸ் நகரின் உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்ட மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, அதுபோல ஒன்றைக் குழந்தைகளுக்குச் செய்யச் சொன்னார். 1880இல் அது பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் வைக்கப்பட்டது. இன்றைய இன்குபேட்டரின் மூதாதை அதுவே. அவருடைய மாணவர் பியேர் பூதென், எடை குறைந்த குழந்தைகள் உயிர்பிழைத்தும் பலருடைய தாய்மார் அவர்களிடம் பற்று இழந்துபோனதைக் கவனித்தார். பிள்ளையைத் தொடாமலும் பாலூட்டாமலும் வாரக்கணக்கில் பிரிந்திருந்தவர்கள் அவர்கள். ஆகவே தாய்மார் வந்து பார்க்கவும் பாலூட்டவும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நல்ல சொல்; ஆனால் நிலைக்கவில்லை. மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியில் வைத்துக் கண்காட்சிகளில் கட்டணம் வாங்கிக் காட்டினார்; நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1903 முதல் 1943 வரை இது நடந்தது. அந்தக் கட்டணத்தால்தான், பெற்றோரிடம் காசு வாங்காமல், ஆயிரக்கணக்கான குழந்தைகளை அவர் பிழைக்கவைத்தார். பின்னர் மருத்துவமனைகள் அப்பணியை ஏற்றன. ஏற்றபோது கதவையும் அடைத்தன. நோய்த்தொற்று உள்ளே வந்துவிடும் என்பது அச்சம். தாய் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம்; தொடலாகாது. பல வாரம் கழித்து ஒரு நாள் பிள்ளையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுப்பார்கள்.

கத்தோலிக்க வாசகர் பலர் அறிந்த ஒரு குடும்பத்திலேயே இதைக் காணலாம். 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், அதாவது தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா முடிந்த இரண்டாம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை ஏறத்தாழ 2.1 கிலோ. நுரையீரல் முதிராமையால் மூச்சு விட இயலவில்லை. மருத்துவமனையிலேயே உடனடியாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. குழந்தையைப் பாஸ்டனுக்குக் கொண்டு சென்றார்கள். அறுவைசிகிச்சை செய்துகொண்ட தாய் அங்கேயே தங்கினாள். 39 மணி நேரம் வாழ்ந்து, 9ஆம் நாள் அதிகாலையில் குழந்தை இறந்தது. கர்தினால் குஷிங் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினார். தாய் அதற்கும் வர இயலவில்லை. உலகின் மிக வலிமை வாய்ந்த வீட்டுக்கும் நம் கரையூர்க் குடிசைக்கும் அந்த மூன்று நாட்களில் வேறுபாடு இருக்கவில்லை. இன்று அந்த எடையும் அந்த வாரக் கணக்கும் உடைய குழந்தை பெரும்பாலும் பிழைத்துவிடும். நுரையீரலை விரியச்செய்யும் மருந்து 1980இல் ஜப்பானில் வெற்றியோடு கையாளப்பட்டது முதல் நிலைமை மாறியது.

அதே 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டை வெளியிட்டது. குழந்தைகளின் திருமுழுக்குச் சடங்கைத் திருத்தி, பெற்றோரின் பங்கும் கடமையும் தெளிவாகத் தோன்றச் செய்யவேண்டும் என்றும், குழந்தைகளின் அடக்கச் சடங்கும் திருத்தப்படவேண்டும் என்றும் அது பணித்தது. 1969ஆம் ஆண்டு இரண்டும் நிறைவேறின. மே மாதம் குழந்தைகளுக்கான புதிய திருமுழுக்குச் சடங்கு வந்தது. தாய் வந்து கலந்துகொள்ள இயலும்வரை காத்திருக்கலாம் என்று அது கருதியது. பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்ற கேள்வி பெற்றோரிடமே கேட்கப்பட்டது. ஆகஸ்டு மாதம் வந்த அடக்கச் சடங்குநூலில், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பியும் அதற்கு முன்பே இறந்துவிட்ட குழந்தைக்கான மன்றாட்டுகளும் இடம்பெற்றன. அந்த மன்றாட்டுகளை வாசிப்பவர் ஒன்றைக் கவனிப்பார்: அவை பெற்றோருக்காகவே மன்றாடுகின்றன. துயருற்ற அவர்கள் நம்பிக்கை இழக்காதிருக்கவேண்டும் என்பதே வேண்டுதல்.

மறு ஆண்டு, 1970இல், கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்மாரை அனுமதித்து, கைகழுவச் செய்து, பிள்ளையைத் தொடவிட்டார்கள். அஞ்சியபடி நோய்த்தொற்று கூடவில்லை. அந்த ஆய்வில் பங்கேற்ற மார்ஷல் கிளாவுஸ், பின்னர் ஜான் கென்னெலோடு சேர்ந்து, பிறந்தவுடன் பிரிப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன செய்கிறது என்பதை எழுதினார். அவர்களுடைய சில முடிவுகள் மிகையானவை என்று பிற்கால அறிஞர் குறைகூறினாலும், அடைத்த கதவைத் திறந்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கோவிலின் கதவும் மருத்துவமனையின் கதவும் ஒன்றையொன்று அறியாமல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டுக்கும் வெளியே நின்றுகொண்டிருந்தவள் ஒரே பெண்.

பிறகு நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்திய வறுமையின் நடுவே, மருத்துவர் எட்கர் ரேய் சனாபிரியா தாயின் மார்பையே பெட்டியாக்கினார். கங்காரு முறை என்று இன்று நாம் அழைப்பது அதுதான். ஏழைகளுக்கான மாற்று என்று கருதப்பட்ட அது, 2021இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பின் எல்லோருக்கும் உரியதாயிற்று. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது அந்த ஆய்வு. நம் நாட்டில் புதுதில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை பங்கேற்றது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதலே தாயின் மார்பில் வைத்து, தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டார்கள். நூற்றுக்கு 15.7 ஆக இருந்த இறப்பு 12 ஆகக் குறைந்தது. முன்னதாக 2017இல் நடுவண் அரசும், சிசுப் பராமரிப்புப் பிரிவுகளில் பெற்றோரை உள்ளே அனுமதித்து, பயிற்சி கொடுத்து, பராமரிப்பில் பங்கேற்கச் செய்யவேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

மருத்துவம் தன் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டது. நாம்? புன்னைக்காயலில் பதினாறாம் நூற்றாண்டிலேயே, தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியான அண்டிரிக் அடிகளார் ஊர் மக்களின் துணையோடு ஒரு மருத்துவமனையை நடத்தினார். ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டவர் என்று அவரைப் போற்றும் நாம், மருத்துவமனை நடத்தியவர் என்பதை அரிதாகவே நினைக்கிறோம். அந்த மரபுக்கு உரியவர்கள் இன்று பிள்ளை பெட்டியில் கிடக்கும் வீட்டாரிடம் போய்ச் சொல்வது என்ன? ‘அடுத்த பிள்ளை பிறக்கும்’ என்கிறோம். ‘ஆண்டவர் ஒரு சம்மனசை எடுத்துக்கொண்டார்’ என்கிறோம். மனிதர் சம்மனசாவதில்லை என்பது மறைக்கல்வியின் பால பாடம், அது போகட்டும். ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று கேட்கும் தாய்க்கு, தன்னிடமிருந்து பறித்தவர் அவர் என்றே படும் என்பதை நாம் எண்ணுவதில்லை. ‘ஏதாவது தூக்கியிருப்பாய், எங்காவது அலைந்திருப்பாய்’ என்று காரணம் தேடுவோரும் உண்டு. குறைமாதப் பிறப்புகளில் பெரும்பகுதிக்கு மருத்துவராலேயே காரணம் சொல்ல முடிவதில்லை. நம்மவர் மட்டும் முற்றத்தில் நின்றபடியே சொல்லிவிடுகிறார்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் பிழை செய்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பங்கு மக்கள் கூட்டமாய் நுழைய இயலாது, நுழையவும் கூடாது. ஆனால் வெளியே செய்யவேண்டியவை ஏராளம். வேற்றூர் மருத்துவமனையில் வாரக்கணக்கில் தங்கும் குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறு, குளிக்க ஓர் இடம், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஓர் ஆள். கறந்த பாலைக் கொண்டு சேர்க்க ஒரு வண்டி. கடலிலிருந்து திரும்பிய தகப்பனோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு நண்பன். ஆண் அழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட அவனை எவரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் நம் பங்குகளில் இல்லாமல் இல்லை. அன்பியக் கூட்டங்கள் மாதந்தோறும் நடக்கின்றன. குறைமாதப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாய் ஒருத்தி அதே தெருவில் இருப்பாள். வேறெவரும் சொல்லமுடியாத ஆறுதலை அவள் சொல்வாள்.

அவசர ஞானஸ்நானத்தின் முறையும் நம்மிடையே மங்கி வருகிறது. மருத்துவச்சிகள் மறைந்துவிட்டார்கள், அந்த அறிவு செவிலியருக்கோ பெற்றோருக்கோ கைமாறவில்லை. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, இம்முறையை விசுவாசிகளுக்குக் கற்பிப்பதில் மேய்ப்பர்கள் அக்கறை கொள்ளவேண்டும் என்று இன்றும் பணிக்கிறது (எண் 861). மருத்துவரின் இசைவோடு, தூய்மையாக்கிய நீர் சிறிதளவு தலையில் வழிந்தோடினால் போதும். தந்தையே ஊற்றலாம். முடிந்தால் தாயை அருகில் கொண்டுவந்து, அவள் பெயரைச் சொல்ல, பிறகு ஊற்றுவது நன்று. பின்னர் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கவேண்டும், பதிவேட்டில் எழுதப்படும்.

நீர் ஊற்ற நேரமில்லாமற்போனாலோ? 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அத்தகைய குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைப்பதாகக் கூறுகிறது (எண் 1261). லிம்போ என்ற சொல்லே அங்கில்லை. 2007ஆம் ஆண்டு ஏப்ரலில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு, பன்னாட்டு இறையியல் குழு ஒரு நீண்ட ஆவணத்தை வெளியிட்டது. இக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்வதற்கு உறுதியான அடிப்படைகள் உண்டு என்றும், லிம்போக் கோட்பாடு மீட்பைப் பற்றிய மிகக் குறுகிய பார்வை என்றும் அது கண்டது. ஞானஸ்நானத்தின் தேவையை அது குறைக்கவில்லை. கடவுளின் கரம் திருவருட்சாதனங்களால் கட்டுண்டதன்று என்பதை நினைவூட்டியது. பதினாறு நூற்றாண்டுக் கேள்விக்கு வந்த இந்த விடை நம் மறையுரைகளில் எத்தனை முறை ஒலித்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். எண்பது வயது நிறைந்த தாய்மார், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் துணியில் சுற்றிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையைப் பற்றிய பழைய தீர்ப்பை இன்னும் மனத்தில் சுமந்துகொண்டு நம் கோவில்களில் முழந்தாளிடுகிறார்கள்.

நவம்பர் மாதம் இறந்தோரை நினைக்கும் மாதம். அதே மாதம் 17ஆம் நாள் உலகக் குறைமாதக் குழந்தைகள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கல்லறை மந்திரிப்பின்போது, கல்லும் பெயருமில்லாத அந்த ஓரத்திற்கும் குருவானவர் தீர்த்தம் தெளித்து நடக்கும்படி எந்தப் பங்கும் கேட்டுக்கொள்ளலாம். அதற்குத் தடையேதும் இல்லை. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, எண் 1183இல், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்கக் கருதியிருந்து, அதற்கு முன்பே இறந்த குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் அளிக்கத் தலத்து ஆயர் அனுமதிக்கலாம் என்கிறது. அதற்கு முந்திய எண் 1182, அடக்கம் முடிந்ததும் இறந்தோர் பதிவேட்டில் எழுதவேண்டும் என்கிறது. ஆகவே இப்பொழுது அத்தகைய குழந்தையின் பெயரும் பங்கின் ஏட்டில் இடம்பெற வழி இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் தந்தை, புதைப்பதற்கு முன், பங்குத்தந்தையின் கதவைத் தட்டிக் கேட்கவேண்டும். கேட்கலாம் என்பதை யாரேனும் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும்.